அப்பாவும் பிதாவும்

தமிழ் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வரும் ஒரு சிறு தொடரைப் பற்றியது இக்கட்டுரை. "அப்பா பிதாவே" என்பது அத்தொடர். மாற்கு எழுதிய நற்செய்தியில் ஒருமுறையும், பவுல் உரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் ஒவ்வொரு முறையும் அது வருகின்றது. சிங்கப்பூரில் ஷார்ட் ஸ்திரீட்டிலுள்ள தமிழ் மெதடிஸ்டுக் கோயிலுக்குச் செல்வோரும், மலாயாத் தோட்டங்களில் லயத்து முன்றிலில் விளக்கேற்றி வைத்து வேதம் வாசித்த குடும்பங்களில் வளர்ந்தோரும் இதனைப் பலமுறை கேட்டிருப்பர். கேட்டும், "அப்பா என்றாலும் பிதா என்றாலும் ஒன்றுதானே, இருமுறை கூறுவானேன்?" என வினவினோர் மிகச் சிலரே. துயர மிகுதியால் அடுக்கிச் சொல்லியது போலும் என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை. பிழை எங்கே பிறந்தது என்று ஆராயப் புகுந்தால், மொழிபெயர்ப்புக் கலையைப் பற்றியும், நம் வழிபாட்டு மொழிகளைப் பற்றியும் சில உண்மைகள் வெளிப்படுகின்றன.

கிறிஸ்து மதக் கோட்பாடுகளை ஆராய்வது நமது நோக்கமன்று. அந்நூலைத் தமிழிலக்கியத்தில் இடம்பெற்றுவிட்ட ஓர் உரைநடை நூலாகக் கொண்டே ஈண்டுப் பேசுகின்றோம். அதனைத் தொழுவோரும் தொழாதோரும் நம்முடன் வரலாம்.

முதலில் ஒன்று கூறிவிடுதல் நன்று. அத்தொடரிலுள்ள "அப்பா" தமிழ்ச் சொல் அன்று, அராமியச் சொல். இயேசுநாதர் பிறந்து வளர்ந்த கலிலேயா நாட்டு மக்கள் வீட்டிலும் வயலிலும் பேசிய மொழி அராமியம். அம்மொழியில் தந்தையை விளிக்கும் சொல்லும், நம் குழந்தைகள் தந்தையை விளிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலியாக அமைந்துவிட்டன.

அக்காலத்துப் பாலஸ்தீனம் ஒரு மொழி பேசிய நாடன்று. அதன் நிலையைத் தோட்டத் தமிழர்க்கு விளக்க நெடிய உரை வேண்டுவதில்லை. நம் முன்னோர் லயத்தில் தமிழ் பேசினர். கடைத்தெருவில் பசார் மலாய் பேசினர். கிராணியின் மேசைமேல் இருந்த கணக்குப் புத்தகமும் துரையின் உத்தரவும் இங்கிலீஷ். கோயிலில் ஐயர் ஓதியது வடமொழி. நான்கு மொழிகளுக்கு நடுவே நின்று, ஒன்றை மட்டும் உள்ளத்து மொழியாகக் கொண்டு அவர்கள் வாழ்ந்தனர். கலிலேயத்துத் தச்சனும் மீன்பிடிப்போனும் அவ்வாறே வாழ்ந்தனர். வீட்டில் அராமியம், தொழுகைக்கூடத்தில் எபிரேய வேதம், வாணிகத்திற்கும் நகர ஆட்சிக்கும் கிரேக்கம், உரோமப் படைவீரர்க்கு இலத்தீன். சிலுவையின் மேல் வைத்த குற்றப்பலகை மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது என யோவான் குறித்திருப்பது இந்நிலைக்கு நல்ல சான்று.

உவமையை எல்லை கடந்து நீட்டலாகாது. எபிரேயமும் அராமியமும் உடன்பிறந்த மொழிகள். தமிழும் மலையாளமும் போல்வன. ஆகவே தொழுகைக்கூடத்தில் நின்ற உழவனுக்கு வேதம் முற்றிலும் இருளாக இருந்ததில்லை. 1947 முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ஏடுகளில் பெரும்பாலானவை எபிரேயம், சில அராமியம், மிகச் சில கிரேக்கம். எபிரேயம் அக்காலத்தே இறந்துபோன மொழி என்ற பழைய கருத்து அதனால் தளர்ந்துவிட்டது. ஆயினும், எபிரேயம் புரியாதார் பெருகியதனால், தொழுகைக்கூடத்தில் வேதத்தை எபிரேயத்தில் வாசித்தவுடன் ஒருவர் எழுந்து அதன் பொருளை அராமியத்தில் எடுத்துச் சொல்லும் வழக்கம் யூதரிடையே ஏற்பட்டது. "தார்கும்" எனப் பெயர்பெற்றது அது. யோபு நூலின் அராமிய மொழிபெயர்ப்பொன்று கும்ரானின் பதினோராவது குகையிலேயே கிடைத்துள்ளது. மந்திரம் முடிந்தவுடன் பக்கத்தில் நின்று அதன் பொருளைத் தமிழில் சொல்லும் ஒருவரை நம் கோயில்களில் யாம் கண்டதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு சிறு நாட்டார் அதனை வேண்டும் என்று கண்டு செய்தனர்.

அராமியத்திலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. பேதுருவைக் கலிலேயன் என்று எருசலேம் மக்கள் அறிந்துகொண்டது அவர் பேச்சினால் என மத்தேயு கூறுகின்றார். கலிலேயர் தொண்டையில் எழும் எழுத்துக்களைத் தெளிவாக ஒலியார் என யூதேய நாட்டுப் பண்டிதர் நகைத்தனர். தல்மூத் என்னும் யூதப் பெருநூலில் இதுபற்றிய வேடிக்கைக் கதையொன்று உண்டு. ஒரு கலிலேயன் கடைத்தெருவில் "அமர்" வேண்டும் என்று கேட்டானாம். ஏறிச் செல்லக் கழுதையா, குடிக்கத் திராட்சை மதுவா, உடுக்கக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா என்று கேட்டு அவனைக் கேலி செய்தனராம். நான்கிற்கும் உரிய நான்கு சொற்கள் அவன் வாயில் ஒன்றாகிவிட்டன! "பளம்" என்று சொல்லும் தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் பட்டணத்துப் படிப்பாளிகள் இக்கதையைப் படிப்பாராக. உலகில் பல கோடி மக்கள் வணங்கும் ஒருவர், அவ்வாறு நகைக்கப்பட்ட பேச்சையே பேசியவர்.

அவர் பேசியது அராமியம். அவரைப் பற்றிய நூல்கள் எழுதப்பட்டதோ கிரேக்கம். அந்தியோக்கியா, கொரிந்து, உரோமை முதலிய பட்டணங்களில் வாழ்ந்தோர் அவற்றின் வாசகர். அக்கிரேக்கம் ஏதென்சுப் புலவர் எழுதிய செய்யுட் கிரேக்கமன்று. கப்பற்காரரும் கடைக்காரரும் பேசிய பொதுக் கிரேக்கம். அதனை எழுதியோர் சில இடங்களில் மட்டும் ஆசிரியர் வாயினின்று எழுந்த ஒலியை அப்படியே வைத்து, பக்கத்தில் கிரேக்கத்தில் பொருள் எழுதினர். இறந்துபோன சிறுமியின் கையைப் பிடித்துச் சொன்ன "தலீத்தா கூமி", செவிடனிடம் சொன்ன "எப்பத்தா", கல்லறைத் தோட்டத்தில் மரியாள் கூவிய "ரபூனி" ஆகியன அத்தகையன. கொல்கொதா முதலிய இடப்பெயர்களும் உள. அச்சொற்கள் "எபிரேயம்" என்று சில இடங்களில் குறிக்கப்படுவதால் நம்மவர் மயங்குவர். எபிரேயர் பேசிய மொழி என்ற அளவிலேயே அங்ஙனம் குறித்தனர். ஆராய்ந்தால் அவை அராமியமே.

இவ்விடங்களைத் தமிழில் பெயர்த்தோர் எவ்வாறு கையாண்டனர்? நாம் எடுத்துக்கொள்வது 1871இல் முற்றுப்பெற்ற பவர் பாதிரியார் குழுவின் பதிப்பு. அதற்கு முன்னரே, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715க்குள் அச்சிட்டு முடித்தார். பின் பப்ரிசியுஸ், இரேனியுஸ் ஆகியோர் திருத்தினர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த பதிப்பு 1850இல் வெளிவந்தும், சென்னைப் பக்கத்துச் சபைகள் அதனை ஏற்கவில்லை. பவர் பதிப்பே புரோட்டஸ்டாண்டுத் தமிழரின் வேதமாக நிலைத்து, இன்றும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவர் கையில் இருப்பது.

"தலீத்தா கூமி" என்பதன் பொருளை எழுதுங்கால் அக்குழுவினர் "சிறுபெண்ணே" என்று எழுதினர். அச்சொல்லின் எளிமையும் கனிவும் பாராட்டத் தக்கன. "குமாரத்தியே" என்றோ "பாலிகையே" என்றோ எழுதியிருப்பின் அவ்வீட்டின் துயரமும் வியப்பும் நம்மை எட்டியிரா. ஆனால் அதே வரியில் பொருள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அர்த்தமாம்" என்று முடித்தனர்! கொல்கொதா என்பதற்குக் "கபாலஸ்தலம்" என்றனர். மண்டையோடு என்ற சொல் அவர்கட்குத் தெரியாததன்று. தாழ்ந்த சொல் எனக் கருதினர் போலும். "ரபூனி" என்பதற்குப் "போதகரே" என்றது அன்று பொருந்தியிருக்கலாம். இன்று போதகர் என்றால் சபையை நடத்தும் பாஸ்டர் என்றே தமிழர் கொள்வர். இழந்த ஆசானைக் கண்ட பெண்ணின் கூவல், பதவிப் பெயரைச் சொல்லி அழைத்ததுபோல ஒலிக்கின்றது. இது பெயர்த்தோர் குற்றமன்று. சொல் காலத்தால் நகர்ந்துவிட்டது.

இனி நம் தொடருக்கு வருவோம். கிரேக்க மூலத்தில் முதற்சொல் "அப்பா", அடுத்தது "பாத்தேர்". கிரேக்க வாசகனுக்கு முதற்சொல் அயல் ஒலி. பொருள் தெரியாமல் அவன் ஒரு நொடி நிற்பான். அடுத்த சொல் அவன் தாய் சொல்லிக்கொடுத்த சொல், கேட்டவுடன் விளங்கும். தூரத்து ஒலி முதலில், வீட்டுச் சொல் அடுத்து. இதுவே மூலத்தின் அமைப்பு.

தமிழில் நேர்ந்தது யாது? அயல் ஒலியாக நிற்க வேண்டிய "அப்பா" நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அதனை விளக்க வந்த "பிதா" அயற்சொல்லாய் நிற்கின்றது. விளங்காததை விளங்கியதால் விளக்குதல் உலக வழக்கு. இங்கே விளங்கியதை விளங்காததால் விளக்கினர்! பல மொழிகளில் இத்தொடரைப் பெயர்த்தோர்க்கு வாராத இடரும் பேறும் தமிழில் பெயர்த்தோர்க்கு ஒருங்கே வந்தன. அவர்கள் அதனை உணர்ந்தனர் என்பதற்கு அவ்வரியில் அடையாளம் ஒன்றும் இல்லை.

"பிதா என்பதும் தமிழில் வழங்கும் சொல்லே; மாதா பிதா குரு தெய்வம் என்று நம் பிள்ளைகள் ஓதுவதில்லையா?" என்று கேட்பர். ஓதுகின்றனர். ஆனால் மாலையில் வேலை விட்டு வரும் தந்தையைப் "பிதாவே!" என்று கூவி ஓடும் பிள்ளையை எவ்வூரிலும் காணோம். எண்ணிச் சொல்லும் சொல் வேறு, கூப்பிடும் சொல் வேறு. மாற்கு கூறும் இடமோ, மரணத்தை எதிர்நோக்கி இரவில் தனியே தரையில் விழுந்து ஒருவர் தந்தையைக் கூப்பிடும் இடம். உரோமருக்கு எழுதிய நிருபத்தில் நிலைமை இன்னும் மோசம். தந்தையை உரிமையோடு கூப்பிடும் பிள்ளைமை நிலையைப் பேசும் அவ்விடத்தில் "புத்திரசுவிகாரத்தின் ஆவி" என்று எழுதியிருக்கின்றனர். மகனாக ஏற்றுக்கொள்ளுதல் என்று எழுத அவர்க்கு யார் தடை? கங்காணியும் கிராணியும் படிக்க அஞ்சும் சொல்லைப் பால்மரம் வெட்டியவள் எங்ஙனம் படிப்பாள்!

நேர்மையாகப் பேசின், அவர்களை முழுதும் பழித்தல் தகாது. கத்தோலிக்கரிடையே தொடக்கக் காலத்தில் பரிசுத்த ஆவியை "இஸ்பிரீத்து சாந்து" என்று போர்த்துக்கேய மொழியிலேயே சொல்லிவந்தனர். அதனோடு ஒப்பிட, "பிதா, சுதன்" என்பன நம் நாட்டார் செவிக்கு அணித்தானவை. மேலும், கடவுளைப் பற்றி எழுதும்போது வடசொல் கலந்தால்தான் மதிப்பு என்று அக்காலத் தமிழ்ப் பண்டிதரே எண்ணினர். முன்ஷிகள் அதனையே பாதிரிமார்க்குக் கற்பித்தனர். குற்றத்தில் நமக்குப் பாதிப் பங்கு உண்டு.

இச்சொல்லைப் பற்றி மேல்நாட்டில் நடந்த வாதமும் நமக்குச் சுவை தருவது. ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ், அப்பா என்பது சிறு குழந்தையின் பேச்சினின்று பிறந்த சொல், கடவுளை அங்ஙனம் அழைத்தது யூத வழக்கில் புதுமை என வற்புறுத்தினார். அதனைப் பற்றிக்கொண்டு பிரசங்கிகள் பலர் அது "டாடி" என்பதற்கு நேர் என்று பேசலாயினர். 1988இல் ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை எழுதி அதனை மறுத்தார். வளர்ந்த மக்களும் முதிர்ந்த தந்தையை அச்சொல்லாலேயே அழைத்தனர். அது மழலைச் சொல் அன்று என நிறுவினார். ஆங்கிலத்தில் "டாடி"யும் "ஃபாதரும்" இரு வேறு துருவங்களாக நிற்பதால் அவர்கட்கு இத்தனை இடர். தமிழனுக்கு இவ்வாதமே வேண்டுவதில்லை. நடை பழகும் குழந்தையும் அப்பா என்கின்றது. நாற்பது வயது மகனும் அப்பா என்கின்றான். அதில் அன்பும் உண்டு, அடக்கமும் உண்டு. அராமியச் சொல்லின் அளவுக்குச் சற்றும் கூடாமலும் குறையாமலும் பொருந்தும் சொல் நம்மிடம் உளது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டியிருக்கின்றது. "இயேசு தமிழ் பேசினார், அப்பா என்பதே சான்று" என்று மேடையேறும் அன்பர்களை நாம் ஆதரிப்பதற்கில்லை. அம்மா, அப்பா, பாபா, மாமா போன்ற உதட்டெழுத்துச் சொற்கள் உறவில்லாத மொழிகளிலும் தாமே தோன்றுவன. மழலையின் வாய் எங்கும் ஒன்றே. மெய்யாகவே கடல் கடந்து சென்ற சொல்லைக் காண விரும்பினால் வேறிடம் பார்க்க வேண்டும். சாலமோன் அரசனுக்குக் கப்பல்களில் வந்த மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் "துக்கி". அதனைத் தமிழ்த் "தோகை"யோடு இணைத்துக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் எழுதினார். அங்கே பொருளும் உண்டு, அதனை ஏற்றிச் செல்லக் கப்பலும் உண்டு. அப்பாவை எந்தக் கப்பலும் ஏற்றிச் செல்லவில்லை. மொழிப்பற்று நன்று, அது பொய்யின்மேல் நிற்குமானால் பகைவன் ஒரு கல்லை உருவினாலே சாய்ந்துவிடும்.

அராமியம் நம்மை அணுகிய வழிகள் வேறு. பாரசீகப் பேரரசின் ஆட்சி மொழியாக அது இந்தியாவின் வாயில்வரை வந்தது. அசோகனின் அறவுரை கிரேக்கத்திலும் அராமியத்திலும் பொறிக்கப்பட்ட பாறை 1958இல் காந்தாரில் கண்டெடுக்கப்பட்டது. அராமியத்தின் கிளையாகிய சீரிய மொழியை வழிபாட்டில் கொண்ட கிறிஸ்தவர் மலையாளக் கரையில் வேரூன்றினர். 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில், வட்டெழுத்தில், அப்பள்ளியை எழுப்பியவர் பெயர் சபீர் ஈசோ என்று காணப்படுகின்றது. ஈசோ என்பது இயேசு என்னும் பெயரின் சீரிய வடிவம். இயேசு என்று நாம் எழுதுவது கிரேக்கத்தின் வழி வந்த வடிவம்.

இன்று சிங்கப்பூரில் வாழும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையார் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தொழுதாலும், வழிபாட்டைக் "குர்பானா" என்றே கூறுவர். நடுவே "பாரெக்மோர்" என்ற சீரிய ஒலியும் எழும். அந்தக் குர்பானாவும், ஹஜ்ஜுப் பெருநாளில் நம் தமிழ் முஸ்லிம்கள் கொடுக்கும் குர்பானும், மாற்கு நற்செய்தியில் வரும் "கொர்பான்" என்னும் சொல்லும் ஒரே வேரினின்று கிளைத்தவை. படைப்பது, காணிக்கை என்பது பொருள். மலாய்க்காரர் எழுதும் ஜாவி எழுத்தும், அரபு எழுத்தின் வழியாக, அராமிய எழுத்துக்குப் பேரப்பிள்ளை.

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துசெல்லும் தூரத்தில் வாட்டர்லூ ஸ்திரீட் இருக்கின்றது. கிருஷ்ணன் கோயில் உள்ள தெருவென நம்மவர் அறிவர். அதே தெருவில் 1878இல் கட்டிய மகேன் ஆபோத் என்னும் யூதர் தொழுகைக்கூடம் இன்றும் உளது. பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூதர் கட்டியது. அங்கே இறந்தோர்க்காக ஓதும் "கத்தீஷ்" என்னும் வழிபாட்டுரை பெரும்பாலும் அராமியம். அது அராமியத்தில் அமைந்ததற்கு அறிஞர் கூறும் காரணம் யாதெனின், எபிரேயம் அறியாத எளியோர்க்கும் விளங்க வேண்டும் என்பதே. நூற்றாண்டுகள் சென்றன. பாக்தாது யூதர் வீட்டில் அரபு பேசலாயினர். சிங்கப்பூர் வந்தபின் ஆங்கிலம் பேசலாயினர். எளியோர்க்காக அராமியத்தில் அமைந்த உரை, பயின்றோர்க்கு மட்டுமே விளங்கும் திருமொழியாகிவிட்டது. அதனை மாற்ற எவர்க்கும் மனமில்லை.

இலத்தீனின் கதையும் இதுவே. கிரேக்கம் அறியாத மக்களுக்காக நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்புக்குப் பிற்காலத்தார் வைத்த பெயரே "பொதுமக்கள் பதிப்பு" என்ற பொருளுடையது. அவ்விலத்தீனே பின்னர்த் தொடக்கூடாத மொழியாயிற்று. ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து மாதா கோயிலிலும், 1960களின் நடுப்பகுதி வரை பூசை மந்திரம் இலத்தீனே. தமிழர் கட்டிய கோயிலில் தமிழர் முழந்தாட்படியிட்டு, விளங்காத மொழியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிவிட்ட பின்னரே தமிழ் அங்கே பீடத்தின்மேல் ஏறிற்று.

பவர் பதிப்பும் அவ்வழியே செல்கின்றது என்பதே நமது கவலை. எல்லாரும் படிக்க வேண்டும் என்று செய்யப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கடந்ததும் அதன் ஒவ்வொரு சொல்லும் அசைக்கலாகாத மந்திரமாகிவிட்டது. கர்த்தர், சுவிசேஷம், கிருபை, ஸ்தோத்திரம் என்பனவே புனிதம். ஆண்டவர், நற்செய்தி, அருள், போற்றி என்றால் பக்தி குறைந்துவிடும் என்று முதியோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை எள்ளி நகைத்தல் எளிது. பாட்டியின் சாவுப் படுக்கையருகே வாசித்த சொற்களை மாற்ற மனம் ஒப்பாமை இயல்பேயாம். அப்பதிப்பின் வாக்கியங்களுக்கு உரக்க வாசித்தால் எழும் ஓசைநயமும் உண்டு. புதிய பதிப்புகளில் அது குறைவு என்பதை ஒப்புகின்றோம்.

கத்தோலிக்கரும் புரோட்டஸ்டாண்டாரும் கூடிச் செய்து 1995இல் வெளியான திருவிவிலியம் "அப்பா, தந்தையே" என்று எழுதியது. கபாலஸ்தலம் அங்கே "மண்டையோட்டு இடம்" ஆயிற்று. பெரு முன்னேற்றமே. ஆயினும் நம் தொடரின் சிக்கல் பாதியே அவிழ்ந்தது. தந்தை என்பது நல்ல தமிழ். ஆனால் அதுவும் ஏட்டில் எழுதும் சொல், வாயால் கூப்பிடும் சொல் அன்று. மூலத்தின் இரண்டாம் சொல் கிரேக்கக் கடைக்காரன் மகன் நாள்தோறும் சொன்ன சொல். அதற்கு நேரான தமிழ்ச்சொல் "அப்பா" ஒன்றே. அது முன்னரே இடம்பிடித்துக்கொண்டது! "அப்பா, அப்பா" என்று எழுதினால் அராமியமும் கிரேக்கமும் அங்கே இருந்ததென எவரும் அறியார். "அப்பா" என்று ஒருமுறை மட்டும் எழுதினால் மூலத்தில் ஒரு சொல்லை விழுங்கியவராவோம். பெயர்ப்பால் தீராத இடம் இது.

எமக்குத் தோன்றும் வழி ஒன்று உண்டு. அச்சிடுவோர் முதற்சொல்லை வேறு எழுத்துருவில் அமைத்து, பக்கத்தின் அடியில், "இஃது அராமியச் சொல், அவர் வாயினின்று எழுந்த ஒலி" என்று ஒரு வரி சேர்க்கலாம். ஞாயிறுதோறும் எழுந்து நின்று வாசிப்போர், "அப்பாபிதாவே" என்று ஒரே மூச்சில் ஓட்டாமல், முதற்சொல்லுக்குப் பின் சற்றே நிறுத்துக. முதற்சொல்லைக் கூப்பிடும் குரலில் சொல்லி, இரண்டாவதைத் தணித்து, பக்கத்தில் நிற்பவர்க்குப் பொருள் சொல்வதுபோலச் சொல்லுக.